உற்பத்தி பெருகுவது எதனால்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தொழிற்சாலைகளில் உற்பத்தித் திறன் என்பதாகும். இதைக் கேட்டவுடன், "இது முதலாளிமார் கூட்டத்தில் பேசவேண்டிய சங்கதியாயிற்றே, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் நம்முடைய வேலை நேரத்தை நீட்டுவதற்கு வழி தேடப்படுகிறது. ஆகையால், வார்த்தைக்கு அர்த்தம் என்ன, அதை அளப்பது எப்படி, அது பெருகுவது எதனால் என்பவற்றை முதலாளியைவிடத் தொழிலாளிதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

2023-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் இன்போசிஸ் கம்பெனியை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான தோழர் நாராயணமூர்த்தி அவர்கள், இந்தியாவின் உற்பத்தித் திறன் உலகத்திலேயே மிகவும் கீழாக இருக்கிறதென்றும், ஆகவே நம் வாலிபர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை செய்ய முன்வரவேண்டும் என்றும் சொன்னார். 2025 ஜனவரியில் வேறொரு பெரிய கம்பெனியின் தலைவர் பேசிய பேச்சு வெளிவந்தது. அதில் அவர் 90 மணி என்றார். ஞாயிற்றுக்கிழமையிலும் உங்களிடம் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். ஏலம் கூறுவதுபோல் இது ஏறிக்கொண்டே போகிறது. நம்முடைய நாட்டிலேயே 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் திருத்தச் சட்டம் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறிற்று. வாரத்துக்கு 48 மணி என்ற கணக்கு மாறாது என்றுதான் சமாதானம் சொன்னார்கள். எதிர்ப்பு பலமாகக் கிளம்பவே மே மாதம் முதல் தேதியில் அதை வாபஸ் வாங்கிக் கொண்டதாக அறிவித்தார்கள். வாபஸ் வாங்கியது நல்ல காரியந்தான். ஆனால் எதிர்த்தவர்களும் சரி, ஆதரித்தவர்களும் சரி, கணக்கைப் பார்த்துப் பேசியவர்கள் எத்தனை பேர்?

முதலில் அர்த்தத்தைப் பார்ப்போம். உற்பத்தி வேறு, உற்பத்தித் திறன் வேறு. ஒரு கொட்டகையில் ஒருவன் 10 மணி நேரம் வேலை செய்து 100 சாமான் செய்கிறான். பக்கத்துக் கொட்டகையில் ஒருவன் 8 மணி நேரத்தில் 96 செய்கிறான். முன்னவன் மொத்தத்தில் 4 சாமான் அதிகம் செய்துவிட்டான் என்பது உண்மை. ஆனால் மணிக்கு அவன் செய்தது 10, பின்னவன் செய்தது 12. விளைந்ததை, அதற்குச் செலவான நேரத்தாலோ, ஆளாலோ, பணத்தாலோ வகுத்து வருகிற ஈவுதான் திறன் என்பது. நான்காம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த வகுத்தல் கணக்கு இது. மணிக்கு 10 செய்கிறவனை 14 மணி நேரம் நிறுத்தி வைத்தால் அவன் திறன் ஏறிவிடுமா? அப்போதும் மணிக்கு 10 தானே? களைப்பினால் 9 ஆனாலும் ஆகுமே தவிர, 11 ஆவதற்கு நியாயமில்லை. ஆகவே, "திறன் குறைவாக இருக்கிறது, அதனால் நேரத்தை நீட்டு" என்பது, "பானையில் ஓட்டை இருக்கிறது, அதனால் இன்னும் இரண்டு குடம் ஊற்று" என்பதற்கு ஒப்பாகும்.

சரி, ஓட்டை எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு நம் ஜனங்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. ஒருவன் அதிகம் செய்தால் கைராசி என்போம். குறைவாகச் செய்தால் அவன் சுபாவம், அவன் தலையெழுத்து, அவன் பிறந்த இடம் அப்படி என்போம். முதலாளிக்கு வேறொரு பதில் இருக்கிறது. ஆள் சோம்பேறி என்பார். இரண்டு பதிலும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவைதான். ஏனென்றால் இரண்டும், மேற்கொண்டு பரிசோதித்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகின்றன.

அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத் என்று ஒருவர் இருந்தார். 1885-ம் வருஷத்தில் 17 வயதில் கொத்து வேலை பழகப் போனவர். தனக்கு வேலை கற்றுக் கொடுத்த கொத்தனார்கள் ஒருவரைப்போல் ஒருவர் செங்கல் வைப்பதில்லை என்பதைக் கண்டார். இன்னும் வேடிக்கை என்னவென்றால், ஒரே கொத்தனார் அவசரமாகச் செய்யும்போது ஒரு மாதிரியும், நிதானமாகச் செய்யும்போது ஒரு மாதிரியும், பையனுக்குக் கற்றுக்கொடுக்கும்போது வேறொரு மாதிரியும் செய்தார். எது சரி? கேட்டால் பதில் இல்லை. பாட்டன் செய்தான், அப்பன் செய்தான், நாமும் செய்கிறோம் என்பதுதான் பதில். நமக்குப் பழக்கமான பதில்தானே!

கில்பிரெத் உட்கார்ந்து எண்ணினார். ஒரு செங்கலை எடுத்துச் சுவரில் வைத்து முடிக்கிறவரையில் கொத்தனாருடைய உடம்பு 18 அசைவுகள் அசைகிறது. அவற்றில் எவை சுவருக்குப் போகின்றன, எவை வீணாகப் போகின்றன என்று பிரித்துப் பார்த்தார். செங்கல் தரையில் கிடக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தனார் குனிகிறார். அதாவது இரண்டு மூன்று கிலோ கல்லைத் தூக்குவதற்காக அறுபது எழுபது கிலோ உள்ள தன் உடம்பைத் தாழ்த்தித் தூக்குகிறார். இப்படி நாளொன்றுக்கு ஆயிரம் தடவை. கல்லை எடுத்தபின் எந்தப் பக்கம் நன்றாயிருக்கிறதென்று கையில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கலவை கெட்டியாய் இருப்பதால் கல்லை வைத்தபின் கரணையால் பலதரம் தட்டுகிறார்.

இதற்கு அவர் செய்த பரிகாரம் மந்திரமுமல்ல, பெரிய யந்திரமுமல்ல. சுவர் ஏற ஏறத் தானும் உயரக்கூடிய சாரம் ஒன்றை அமைத்தார். கல்லும் கலவையும் அதன்மேல் கொத்தனாருடைய இடுப்பு உயரத்தில் இருக்கும்படி செய்தார். சித்தாள் ஒருவரை விட்டுக் கல்லை முன்கூட்டியே பொறுக்கி, நல்ல முகம் ஒரே பக்கமாய் இருக்கும்படி மரச் சட்டத்தில் அடுக்கி வைக்கச் சொன்னார். கலவையைப் பதமாகச் சேர்த்தால் கையால் அழுத்தினாலே கல் உட்கார்ந்துவிடும் என்று காட்டினார். 18 அசைவு 5 ஆயிற்று. மணிக்கு 120 கல் வைத்த கொத்தனார் 350 கல் வைத்தார். கொத்தனார் அதே கொத்தனார்தான். அவருடைய கைராசி ஒரே வாரத்தில் மாறிவிட்டதா? நேற்றுவரை சோம்பேறியாய் இருந்தவர் இன்று சுறுசுறுப்பாகிவிட்டாரா? நேற்று அவர் குனிந்தார், இன்று குனியவில்லை, அவ்வளவுதான். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். முன்னைவிட மூன்று பங்கு சுவர் எழுப்பியவருக்கு முன்னைவிட இடுப்பு வலி குறைந்திருக்கும். திறன் உயர்வது என்றால் கஷ்டம் உயர்வது என்று யாராவது சொன்னால் இந்தக் கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் படித்தவனல்ல. வாலிபத்தில் ஒரு தறிக்கூடத்தில் வேலை பார்த்தேன். எந்தக் கூடம், யாருடையது என்பது இங்கு அவசியமில்லை. அங்கே தறி நின்றால் தறிக்காரனுக்குத்தான் வசவு. அங்கிருந்த வயதான தோழர் ஒருவர், எழுத்து வாசனை இல்லாதவர், சுவரில் கரித்துண்டால் மூன்று கட்டம் போட்டார். நூல் அறுந்து தறி நின்றால் முதற் கட்டத்தில் ஒரு கோடு. ஊடைத் தார் வந்து சேராமல் நின்றால் இரண்டாவதில் ஒரு கோடு. கரண்ட் போய் நின்றால் மூன்றாவதில். ஒரு வாரம் ஆனபிறகு பார்த்தால் இரண்டாவது கட்டத்தில் சுவர் தெரியவில்லை! தார் சுற்றுகிற இடத்தில் ஆள் போதவில்லை, அதற்கான வசவை தறிக்காரன் வாங்கிக்கொண்டிருந்தான். முதலாளி அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? வெள்ளையடிக்கச் சொன்னார்.

அந்தக் கிழவர் செய்த காரியத்தைத்தான் பெரிய பெரிய பேராசிரியர்கள் பிறகு செய்தார்கள். 2008-ம் வருஷம் தொடங்கி, பம்பாய்ப் பக்கத்தில் பருத்தித் துணி நெய்கிற 17 கம்பெனிகளில் நிக்கோலஸ் புளூம் முதலிய பொருளாதார அறிஞர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். அந்தக் கம்பெனிகளுக்கு 28 ஆலைகள். உள்ளே போய்ப் பார்த்தால் நடக்கிற வழியெல்லாம் குப்பை, கருவிகள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, நூல் மூட்டைகளில் எது என்ன நம்பர், எப்போது வந்தது என்று சீட்டு இல்லை, துணியில் விழுந்த பழுதைக் குறித்து வைப்பார்கள், ஆனால் குறித்ததை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. யந்திரம் உடைந்தபின் ஓடுவார்களே தவிர, உடையாமல் இருக்க முன்கூட்டிப் பராமரிப்பதில்லை. இந்தக் கம்பெனிகளில் சிலவற்றுக்கு மட்டும் சில மாதங்கள் ஆள்விட்டு 38 விதமான ஒழுங்குகளைக் கற்றுக் கொடுத்தார்கள். மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டுவிட்டார்கள். 2013-ல் முடிவைப் பிரசுரம் செய்தார்கள். கற்றுக்கொண்ட ஆலைகளில் முதல் வருஷத்திலேயே திறன் 100-க்கு 17 வீதம் உயர்ந்தது. (கம்பெனியும் 17, வீதமும் 17. இதில் யாரும் எண் ஜோசியம் பார்க்க வேண்டாம்.) வேலை நேரத்தை நீட்டி வந்த உயர்வல்ல இது. குப்பையைக் கூட்டினார்கள், சீட்டு ஒட்டினார்கள், பழுதை எண்ணினார்கள், எண்ணியதைத் தினமும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்தப் பரிசோதனையில் தெரிந்த வேறொரு சங்கதி நம்மவர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது. ஒரு கம்பெனி எவ்வளவு பெரிதாக வளர்கிறது என்பது, அதன் திறமையைவிட, அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையே பெரிதும் பொறுத்திருந்ததாம். மகன், தம்பி என்று ஆளுக்கொரு ஆலை. ஆண்பிள்ளைகள் தீர்ந்துபோனால் ஆலையும் தீர்ந்துபோயிற்று. ஏன்? வெளியாளை நம்பி அதிகாரம் கொடுக்க மனம் வரவில்லை. இருபது வருஷம் தறியோடு பழகிய மேஸ்திரிக்கு இல்லாத யோக்கியதை, நேற்று மீசை முளைத்த மகனுக்குப் பிறப்பினால் வந்துவிடுகிறது. பிறப்பினால் யோக்கியதை என்கிற நம்பிக்கை கோவிலில் மாத்திரம் இருக்கிறதென்று எண்ணாதீர்கள். கணக்குப் புஸ்தகத்திலும் நஷ்டமாக உட்கார்ந்திருக்கிறது.

நிற்க. நேரத்தைப்பற்றிய கணக்குக்கு வருவோம். ஜெர்மனியில் ஜேனா என்ற ஊரில் செய்ஸ் கண்ணாடித் தொழிற்சாலையை நடத்தியவர் எர்ன்ஸ்ட் ஆபே. பெரிய விஞ்ஞானி. ஆனால் அவருடைய தகப்பனார் ஐஸனாக் என்ற ஊரில் ஒரு நூல் ஆலையில் தினம் 14, 16 மணி நேரம் நின்றவர். சிறு பையனாய் ஆபே சாப்பாடு எடுத்துக்கொண்டு போவார். தகப்பனார் உட்காராமல் யந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே அவசரமாய் விழுங்கிவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பாராம். அந்தப் பையன் பிறகு தொழிற்சாலைக்குத் தலைவரானபோது, 1900-ம் வருஷத்தில் 9 மணி வேலையை 8 மணியாகக் குறைத்தார். குறைத்துவிட்டு இரக்கத்தைப்பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கவில்லை. கணக்கு எடுத்தார். உருப்படிக் கூலிக்கு வேலை செய்த 233 பேருடைய முந்திய வருஷத்துச் சம்பாத்தியத்தையும் பிந்திய வருஷத்துச் சம்பாத்தியத்தையும் மணிக் கணக்கில் ஒப்பிட்டார். நஷ்டமில்லாமல் இருக்க மணிக்கு 100-க்கு 12½ வீதம் கூடவேண்டும். கூடியதோ 16 வீதத்துக்கு மேல். அதாவது 9 மணியில் செய்ததைவிட 8 மணியில் சற்று அதிகமாகவே செய்து முடித்தார்கள்.

அது சமாதான காலம், கண்ணாடி செய்கிற ஊர் என்று ஆக்ஷேபிக்கலாம். சண்டைக் காலத்துக்கே போவோம். முதல் உலக யுத்தத்தில் இங்கிலாந்தில் குண்டு செய்யும் தொழிற்சாலைகளில் ஆண்களும் பெண்களும் வாரத்துக்கு 70 மணிக்கு மேலும் வேலை செய்தார்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. தேசமே ஆபத்தில் இருக்கும்போது ஓய்வாவது ஒன்றாவது என்ற எண்ணம். 1915-ல் சர்க்கார் ஒரு கமிட்டி போட்டு, எவ்வளவு நேரம் வேலை, எத்தனை உருப்படி என்று வாரா வாரம் குறிக்கச் செய்தார்கள். அந்தப் பழைய கணக்குகளை ஜான் பென்கவெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2014-ல் மறுபடியும் எடுத்து ஆராய்ந்தார். வாரத்துக்கு 70 மணி வேலை செய்தபோது வந்த உருப்படிக்கும், 56 மணி வேலை செய்தபோது வந்த உருப்படிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! 14 மணி நேரம் எங்கே போயிற்று? களைத்த கையில் போயிற்று, கெட்டுப்போன உருப்படியில் போயிற்று, காயத்திலும் காய்ச்சலிலும் போயிற்று. வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வில்லாதபோது மொத்த உருப்படியே குறைந்ததென்பதும் அதே கணக்கில் இருக்கிறது. 70 மணி வேண்டும் என்ற தோழர் நாராயணமூர்த்திக்கு அந்த 70 மணிக்கே நூறு வருஷத்துக்கு முந்திய கணக்கு காத்திருக்கிறது.

இங்கே நாணயமாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நேரத்தைக் குறைக்கக் குறைக்க உற்பத்தி ஏறிக்கொண்டே போகும் என்று நான் சொல்லவில்லை. அதே கணக்கில், 49 மணிக்குக் கீழே போனால் நேரம் குறைந்த அளவுக்கு உருப்படியும் குறைந்திருக்கிறது. கணக்கு நமக்கு அனுகூலமாய் இருக்கும்போது மாத்திரம் கையில் எடுத்துக்கொண்டு, பிரதிகூலமாய் இருக்கும்போது மடியில் மறைத்துக்கொண்டால் நமக்கும் பஞ்சாங்கக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

கணக்கு என்று சொல்லி ஏமாற்றுவதும் உண்டு. அமெரிக்காவில் டெய்லர் என்பவர், பெத்லஹேம் இரும்பாலையில் நாளொன்றுக்கு 12½ டன் இரும்புப் பாளம் சுமந்தவனை 47½ டன் சுமக்கச் செய்ததாக 1911-ல் எழுதினார். கூலி 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட் ஆயிற்று. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை. பிற்காலத்தில் பழைய தஸ்தாவேஜிகளைத் தோண்டிப் பார்த்தவர்கள், அவர் சொன்ன கதையில் பெரும்பகுதி மெருகேற்றியது என்று காட்டினார்கள். முதலாளி நாட்டில்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். ருஷ்யாவில் 1935 ஆகஸ்டில் ஸ்டக்கானோவ் என்ற சுரங்கத் தொழிலாளி ஒரே முறையில் 102 டன் நிலக்கரி வெட்டியதாகக் கொண்டாடினார்கள். விதித்திருந்த அளவு 7 டன். ஆனால் அவர் வெட்டிக்கொண்டே போக, பின்னால் கூரை விழாமல் முட்டுக்கட்டை நட இரண்டு பேர் விடப்பட்டிருந்தார்கள். மூன்று பேர் வேலையை ஒருவர் பேரில் எழுதினால் சாதாரணத் தொழிலாளி எல்லாம் சோம்பேறியாகத்தானே தெரிவான்? ஆகவே ஓர் எண்ணைச் சொன்னால், எதை எதனால் வகுத்தாய், யாரை விட்டுவிட்டாய் என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற இடத்தில் சர்க்கார் ஆயுதசாலை ஒன்று இருந்தது. 1911 ஆகஸ்டில் அங்கே கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வார்ப்பு வேலைக்காரர்களை அளக்க வந்தார்கள். உடனே அவர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். 1915-ல் அந்நாட்டுச் சட்டசபை, இப்படிக் கடிகாரம் பிடிக்கச் சர்க்கார் பணத்தைச் செலவிடக்கூடாதென்றே தடுத்துவிட்டது. அவர்கள் கோபம் நியாயமானது. ஏனென்றால், அளந்து முடித்தபின் அந்த அளவு யார் தலையில் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கடிகாரத்தை எறிவதைவிட, அது நம் கையிலும் ஒன்று இருக்கவேண்டும் என்று கேட்பதே மேல் என்பது என் எண்ணம். தறிக்கூடத்துக் கிழவரிடம் இருந்த கரித்துண்டு போதும்.

திறன் உயர்ந்தால் வருகிற லாபம் யாருக்கு என்பதுதான் கடைசிக் கேள்வி. போர்டு மோட்டார் கம்பெனியில் 1913-ல் நகரும் பட்டையில் வேலையை ஓடவிட்டார்கள். ஒரு வண்டியின் அடிச்சட்டம் பூட்ட 12½ மணி பிடித்தது, சில மாதங்களில் 1 மணி 33 நிமிஷம் ஆகிவிட்டது. ஆனால் ஆட்கள் நிற்கவில்லை. சுமார் 14 ஆயிரம் பேரை வேலையில் வைத்திருப்பதற்கு அந்த ஒரு வருஷத்தில் 52 ஆயிரம் பேருக்கு மேல் சேர்க்கவேண்டி வந்தது. அதன் பிறகுதான் 1914 ஜனவரியில் 8 மணி நேரம், 5 டாலர் என்று அறிவித்தார் போர்டு. அதற்கு முந்திய கூலி 9 மணி நேரத்துக்கு இரண்டரை டாலருக்கும் குறைவு. ஆட்கள் நின்றார்கள். இதைத் தர்மம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. வெளியேறியவர்களுடைய கால்கள்தான் அந்த 5 டாலரை வாங்கிக் கொடுத்தன என்று நான் சொல்லுவேன். அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் தொழிலாளி வீட்டுக்கு ஆள் அனுப்பி, குடிக்கிறானா, வீடு சுத்தமா என்று விசாரித்ததும் உண்டு. அதையும் மறக்கவேண்டாம்.

ஆகவே, நாளைக்கு உங்கள் ஆலையில் "உற்பத்தி போதவில்லை, ஒரு மணி கூட இரு" என்று சொன்னால், உடனே முடியாதென்று கத்தவும் வேண்டாம், தலையை ஆட்டவும் வேண்டாம். போன வாரம் யந்திரம் எத்தனை மணி நின்றது, எதனால் நின்றது, எத்தனை உருப்படி கழிந்தது, கடைசி இரண்டு மணியில் கழிந்தது எத்தனை, எத்தனை பேருக்குக் காயம் என்று கேளுங்கள். கணக்கு இல்லையென்று சொன்னால் உங்களுடையதைக் காட்டுங்கள். சங்கத்தில் எழுதத் தெரிந்த இரண்டு பேர் ஒரு அரையணா நோட்டுப் புஸ்தகம் போட்டால் முடிகிற வேலை. (அரையணா இப்போது செல்லாது என்பது தெரியும். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.)

நேரமாகிவிட்டது. வெளியூர்த் தோழர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுத்தால் எனக்குத் தெரிந்தவரையில் பதில் சொல்லுகிறேன். ஆலையில் குறிப்பு எடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்தால், கட்டம் போடுவது எப்படி என்று காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன்.